எல்லையூர் ஏலக்காய், வெளிநாட்டு வாசல்: மாறும் கஸ்டம்ஸ் விதிகளுக்கு உங்கள் ஆன்லைன் கடையைத் தயார் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 25 அன்று இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல் சேவையை நிறுத்தியது. கடிதங்களும் 100 டாலருக்கு உட்பட்ட பரிசுப் பொருட்களும் மட்டுமே போயின. நான்கு நாள் கழித்து, 29ஆம் தேதி, 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த வரிவிலக்கு எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. அக்டோபர் 15-ல் தபால் சேவை திரும்ப வந்தபோது, பொருளின் மதிப்பில் 50 சதவீதத்தை இங்கேயே வரியாகக் கட்டினால்தான் பார்சல் நகரும் என்றானது.

கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு, அணக்கரை பக்கமிருந்தும், மலை இறங்கினால் தமிழ்நாட்டில் கம்பம், போடி பக்கமிருந்தும் ஏலக்காய், மிளகு, தேயிலை, காபி என்று ஆன்லைனில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. பெரிய ஏற்றுமதி கம்பெனிக்கு விதி மாறினால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வீட்டின் பின்கட்டில் பாக்கெட் போட்டு அனுப்புபவருக்கு அப்படி யாரும் இல்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த நாடு எப்போது விதியை மாற்றும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பார்சலிலும் என்ன இருக்கிறது, எங்கே விளைந்தது, உண்மையான மதிப்பு என்ன, வரியை யார் கட்டுகிறார்கள் என்ற நான்கு விவரமும் நம் கையில்தான் இருக்கின்றன. இந்த நான்கையும் சுத்தமாக வைத்திருப்பவருக்கு, புதிய விதி வந்தால் ஒரு சாயங்கால வேலை. வைத்திருக்காதவருக்குக் கடையே நின்றுபோகும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: ஒவ்வொரு பொருளுக்கும் ஹெச்.எஸ். கோடு

உலகம் முழுக்க கஸ்டம்ஸ் பேசும் மொழி ஹெச்.எஸ். கோடு. முதல் ஆறு இலக்கம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒன்றே. அதற்குப் பின் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்கிறது. நம் ஜி.எஸ்.டி. பில்லில் போடும் ஹெச்.எஸ்.என். எண்ணும் இதே குடும்பம்தான். ஆனால் உள்ளூர் பில்லுக்கு நான்கு இலக்கம் போட்டுப் பழகியவர்கள் அதையே வெளிநாட்டுப் பார்சலுக்கும் போட்டுவிடுகிறார்கள். அது போதாது.

முழு ஏலக்காய் 0908.31. அதையே பொடித்துவிட்டால் 0908.32. முழு மிளகு 0904.11, மிளகுத்தூள் 0904.12. வறுத்த காபி, காஃபின் நீக்காதது, 0901.21. தேயிலையில் ஒரு நுணுக்கம் உண்டு: கறுப்புத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்படாத பாக்கெட்டில் இருந்தால் 0902.30, மொத்தமாக மூட்டையில் போனால் 0902.40. ஒரே தோட்டத்துத் தேயிலைதான், பாக்கெட் அளவை வைத்துக் கோடு மாறுகிறது. பொடித்ததா, முழுசா, எவ்வளவு எடைப் பொதி என்ற கேள்விகளைக் கேட்காமல் கோடு எழுதக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

ஒரு எக்செல் தாள் போடுங்கள். பொருளின் பெயர், ஆறு இலக்கக் கோடு, நம் நாட்டு எட்டு இலக்கக் கோடு, கஸ்டம்ஸ் படிவத்தில் எழுத வேண்டிய ஒரு வரி விவரம், நிகர எடை, விளைந்த நாடு. சந்தேகமான பொருளுக்கு, குறிப்பாகக் கலவை மசாலா, சிப்ஸ், மூலிகை எண்ணெய் போன்றவற்றுக்கு, கொச்சியில் கஸ்டம்ஸ் வேலையைப் பார்த்துத்தரும் கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் ஒருமுறை காசு கொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரர் போடும் கோடைப் பார்த்துப் போடாதீர்கள்.

விவர வரியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள். 'மசாலா', 'உணவுப்பொருள்', 'கிஃப்ட்' என்று எழுதிய பார்சலை ஐரோப்பா ஏற்பதில்லை. 2023 மார்ச் முதல், விமானத்தில் வரும் தபால், கூரியர் பார்சல்களின் விவரம் ஆறு இலக்கக் கோடோடு முன்கூட்டியே அவர்கள் கணினிக்குப் போயாக வேண்டும். சரியான வரி இப்படி இருக்கும்: 'உலர்ந்த பச்சை ஏலக்காய், முழுசு, பொடிக்காதது, சில்லறை பாக்கெட், 250 கிராம், 2 எண்ணம், விளைந்த நாடு இந்தியா.' படிவத்தில் இதை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். பொருள் தெரியாத அதிகாரி ஒருவர் இந்த ஒரு வரியைப் படித்தே பெட்டியைத் திறக்காமல் முடிவெடுக்க முடிய வேண்டும். அதுதான் அளவு.

இந்தக் கோடுகளும் நிலையானவை அல்ல. இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு. அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க அமலுக்கு வருகிறது. உங்கள் தாளில் 'பதிப்பு' என்று ஒரு பத்தியை இப்போதே சேர்த்து வையுங்கள்.

படி 2: எங்கே விளைந்தது என்பதற்குச் சான்று

முன்பு இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வரி விகிதமே விளைந்த நாட்டை வைத்துத்தான் வருகிறது. எந்த நாட்டிலிருந்து அனுப்பினீர்கள் என்பது வேறு, எங்கே விளைந்தது என்பது வேறு. இலங்கைத் தேயிலையைக் குமுளியில் பாக்கெட் போட்டால் அது இந்தியத் தேயிலை ஆகிவிடாது. பாக்கெட் மாற்றுவதால் பிறந்த நாடு மாறாது.

ஏலக்காயில் இது நேரடியாக நம்மைத் தொடுகிறது. குவாத்தமாலா உலகின் பெரிய ஏலக்காய் உற்பத்தியாளர். அந்தக் காய் நம் சந்தைக்குள் வந்து கலப்பதைப் பற்றி இந்த வட்டாரத்து விவசாயிகள் பல வருடமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். நீங்கள் வியாபாரியிடம் வாங்குபவர் என்றால், எந்த எஸ்டேட் காய், எந்தத் தேதி ஏலத்தில் எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். புற்றடியிலோ போடியிலோ நடக்கும் மின்னணு ஏலத்தில் எடுத்த காய்க்கு லாட் விவரம் இருக்கும். அந்த லாட் எண்ணை உங்கள் பாக்கெட்டின் பேட்ச் எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள். விவசாயியிடம் நேரடியாக எடுத்தால், அவர் பெயரும் தேதியும் எடையும் எழுதிய கொள்முதல் ரசீது. இவ்வளவுதான் வேலை. கேள்வி வரும்போது இதுதான் காப்பாற்றும்.

படி 3: நம் பக்கத்துக் காகிதங்கள்

பொதுவானவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், உள்ளே போய்ப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் முடக்கிவிடுவார்கள். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யு.டி. எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். அது நிதியாண்டுக்கு ஒருமுறை, மார்ச் முடிவதற்குள் அடுத்த வருடத்துக்குப் போட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டுப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடை வங்கியிடம் வாங்கி, நம் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். மசாலா என்றால் ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவும், உணவு என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் நிற்கிறேன். வீடு கம்பத்தில், சரக்கு குமுளியில் என்று இருப்பவர்கள் நிறைய. ஜி.எஸ்.டி.யில் மாநிலத்துக்கு ஒரு பதிவு. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, நகரி, சித்தூர் பக்கத்து ஆந்திரக்காரர்களுக்கு 37. சரக்கு இருக்கும் இடத்தில் பதிவு இருக்க வேண்டும். 33 எண்ணில் பில் போட்டு, பார்சலைக் குமுளி தபால் நிலையத்தில் கொடுத்தால், பில் ஒரு மாநிலமும் சரக்கு ஒரு மாநிலமுமாக நிற்கும். வரி திரும்பப் பெறும்போது இது கழுத்தைப் பிடிக்கும்.

ஐ.இ.சி. பான் எண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டு இடத்தையும் அதில் கிளையாகச் சேர்க்கலாம். சேர்த்துவிடுங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன என்பதால் மலையேற்றி இறக்கும் சரக்குக்குக் காகிதமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால், 20 கிலோ ஏலக்காயிலேயே அந்த எல்லை வந்துவிடும். ஒரு பைக்கில் வைத்துக் கொண்டுபோகும் மூட்டைதான் அது.

இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிறவர், வெளிநாட்டுப் பார்சல்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலிருந்து அனுப்புவது என்று முடிவு செய்வதே என் யோசனை. கொச்சிப் பக்கம் விமானமும் துறைமுகமும் பழகிய ஏஜெண்டுகளும் இருப்பதால் மசாலாவுக்குக் கேரளப் பதிவு வசதி. துணி, கைத்தறி என்றால் வேறு கணக்கு வரலாம். உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து ஒருமுறை பேசி முடிவெடுங்கள்.

படி 4: மதிப்பை உள்ளபடி எழுதுங்கள்

'அண்ணே, கிஃப்ட்னு போட்டு அனுப்பிருங்க, பத்து டாலர்னு எழுதுங்க.' வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் உரிமையோடு கேட்பதுதான் இது. விதி கடுமையாகும்போது இந்தக் கோரிக்கையும் கூடும். முடியாது என்று அன்பாகச் சொல்லிவிட வேண்டும். விற்ற பொருள் பரிசு ஆகாது. பொய்யான விவரம் கொடுத்தால் 1962ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தின்படி பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அதைவிடச் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் இடம் வங்கி. பில்லில் 10 டாலர், கணக்கில் வந்தது 60 டாலர் என்றால் வங்கியின் ஏற்றுமதிக் கணக்கு ஒத்துப்போகாது. பணம் வந்துசேர்ந்தது என்று அந்த ஏற்றுமதிக் கணக்கை முடிக்க முடியாது.

பில்லில் பொருள் விலை தனியாக, அனுப்பும் செலவு தனியாக, காப்பீடு இருந்தால் அது தனியாக இருக்கட்டும். அமெரிக்கா சர்வதேசப் போக்குவரத்துச் செலவைச் சேர்க்காமல் பொருளின் மதிப்புக்கு மட்டும் வரி போடுகிறது. ஐரோப்பாவும் பிரிட்டனும் வளைகுடா நாடுகளும் அந்தச் செலவையும் சேர்த்துப் போடுகின்றன. 'இலவச ஷிப்பிங்' என்று எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால், அமெரிக்க வாடிக்கையாளர் கூரியர் கட்டணத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறார்.

பணம் உள்ளே வர வேண்டிய கெடுவும் மாறியிருக்கிறது. 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை 9 மாதத்திலிருந்து 15 மாதமாக்கியது. சில்லறைக்கு நாம் முன்பணம் வாங்குவதால் பெரிய கவலை இல்லை. கடன் கொடுத்து அனுப்பும் மொத்த வாடிக்கையாளருக்குக் குறித்து வையுங்கள்.

படி 5: நாட்டுக்கு ஒரு பக்கம்

ஒரு நோட்டில் நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எவ்வளவு மதிப்பு வரை விலக்கு, அதற்கு மேல் யார் வசூலிக்க வேண்டும், எந்தத் தேதி முதல், நீங்கள் கடைசியாகச் சரிபார்த்த தேதி. இந்தக் கடைசித் தேதிதான் முக்கியம். நான் கீழே தருவது நோட்டைத் தொடங்குவதற்கு. அனுப்பும் முன் அந்தந்த நாட்டுக் கஸ்டம்ஸ் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா: 800 டாலர் விலக்கு போய்விட்டது. இந்தியப் பொருளுக்கு 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம் கூடுதல் வரி, 27-ல் அது 50 ஆனது. அதற்குப் பிறகும் விகிதமும் விலக்குப் பட்டியலும் மாறிவருகின்றன. ஆகவே இந்தப் பக்கத்தைப் பென்சிலில் எழுதுங்கள். பில் போடும் நாளன்று விகிதத்தைப் பார்க்க வேண்டிய நாடு இது.

ஐரோப்பிய ஒன்றியம்: 22 யூரோ வரை இருந்த வாட் (நம் ஜி.எஸ்.டி. மாதிரியான விற்பனை வரி) விலக்கு 2021 ஜூலை 1-ல் நீங்கியது. 150 யூரோ வரையிலான பார்சலுக்கு விற்கும்போதே வாட் வசூலித்துக் கட்ட ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற முறை இருக்கிறது. அடுத்தது சுங்கவரி. 150 யூரோவுக்குக் கீழே இருந்த விலக்குக்குப் பதிலாக, 2026 ஜூலை 1 முதல் பொருளுக்கு 3 யூரோ என்ற தற்காலிக வரிக்கு 2025 டிசம்பரில் ஒப்புதல் ஆனது.

இந்த 3 யூரோ பார்சலுக்கு அல்ல, பார்சலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோடுக்கும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை, தேயிலை என்று ஐந்தையும் அழகாக அடுக்கி 25 யூரோவுக்குப் பரிசுப் பெட்டி விற்கிறீர்கள். ஐந்து கோடு, 15 யூரோ வரி. அதே 25 யூரோவுக்கு ஏலக்காய் மட்டும் அனுப்பினால் 3 யூரோ. தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் பக்கத்துக் கடைகள் நம்பியிருப்பதே இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். ஐரோப்பாவுக்கு ஒரு பொருள் பெட்டி, அளவு கூட்டி, என்று தனிப் பட்டியல் போட வேண்டிய நேரம் இது.

பிரிட்டன்: 2021 ஜனவரி முதல் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு வாட் கணக்கை விற்பவரே பார்க்க வேண்டும். அந்த அளவுக்குள் இருக்கும் சுங்கவரி விலக்கையும் 2029 மார்ச்சுக்குள் எடுத்துவிடப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் சொல்லிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதல் 400 சிங்கப்பூர் டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, இப்போது 9 சதவீதம். மலேசியாவில் 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்குக் கீழே 10 சதவீதம். இரண்டிலும் பெரிய விற்பனை உள்ளவர்தான் பதிய வேண்டும். சின்னக் கடை நேரடியாக மாட்டாது, மார்க்கெட்பிளேஸ் எனும் பொது ஆன்லைன் சந்தை வழியாக விற்றால் அவர்கள் வசூலிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பார்சலுக்கும் இதே ஏற்பாடு, 2018 ஜூலையிலிருந்து. துபாய் பக்கம் 2023 ஜனவரி முதல் 300 திர்ஹாமுக்கு மேல் சுங்கவரி. கனடாவில் நம் நாட்டுப் பார்சலுக்கு விலக்கு 20 கனடா டாலர் வரைதான், அதனால் டொரன்டோ வாடிக்கையாளரிடம் வரி வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 6: வரியை யார் கட்டுவது

இரண்டே வழி. வாங்குபவர் அங்கே கட்டுவது ஒன்று, நீங்கள் முன்பே வசூலித்துக் கட்டிவிடுவது இன்னொன்று. கூரியர்காரர்கள் முதலாவதை டி.ஏ.பி. என்பார்கள், இரண்டாவதை டி.டி.பி. சின்னப் பாக்கெட்டுக்கு நான் டி.டி.பி.யைத்தான் சொல்வேன். வாசலில் வந்து நின்று வரி கேட்டால், 30 டாலர் ஏலக்காய்க்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன கட்டணமும் போச்சு, காயும் போச்சு.

பொருள் விலை, பாக்கெட், கூரியர், வரி, வரி கட்டித்தரும் சேவைக் கட்டணம், நாணயம் மாற்றுவதில் வங்கி எடுப்பது என்று எல்லாம் சேர்த்து, வாங்குபவர் கையில் சேரும் மொத்த விலையை நாட்டுக்கு நாடு கணக்கிட்டு வையுங்கள். உலகம் முழுக்க ஒரே விலை என்ற பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

மார்க்கெட்பிளேஸ் வழியாக ஐரோப்பாவுக்கு விற்பவர்கள் கவனிக்க: வாட்டை அவர்களே வசூலித்திருப்பார்கள். அவர்கள் தரும் ஐ.ஓ.எஸ்.எஸ். எண்ணை கூரியர் தளத்தில் அதற்குரிய கட்டத்தில் போட்டால்தான் கஸ்டம்ஸுக்குத் தெரியும். போடாவிட்டால் வாடிக்கையாளர் இரண்டாவது முறை கட்டுவார். உங்களுக்கு ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும்.

படி 7: உணவு என்பதால் வரும் விதிகள்

வரியால் பார்சல் தாமதமாகும். உணவு விதியால் பார்சல் அழிக்கப்படும். 2024-ல் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் சில இந்திய மசாலாப் பாக்கெட்டுகளை, கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு வாயு காரணமாக விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின் அந்த இரண்டு ஊருக்கும் போகும் மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஏலக்காயில் பூச்சிமருந்து மிச்சமும் அப்படித்தான். பேட்சுக்கு ஒரு லேப் ரிப்போர்ட் எடுத்து, அதே பேட்ச் எண்ணை பாக்கெட்டில் அச்சிடுங்கள். செலவு அதிகமாகத் தெரிந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே லாட் எடுத்து ஒரே ரிப்போர்ட்டைப் பகிரலாம்.

அமெரிக்காவுக்கு உணவு அனுப்ப, பாக்கெட் போடும் இடத்தை அவர்களுடைய உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ.யில் பதிய வேண்டும், அங்கே ஒரு ஏஜெண்ட் வேண்டும், பார்சல் சேரும் முன் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பதிவை இரட்டைப்படை வருடங்களில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். முழு விதை, முளைக்கும் பொருள் என்றால் சில நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் முன் இறக்குமதி நிபந்தனைகளைச் சொல்லும் அவர்களுடைய பைகான் தளத்தில் அந்தப் பொருளைத் தேடிப் பாருங்கள். சோப்பு, மெழுகுவத்தி, கைவினைப் பொருள் விற்பவர்களுக்கு ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 13 முதல் வேறொன்று: அந்த மண்ணில் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

படி 8: இரண்டு வழி

தபாலில் அனுப்புபவர்கள் டாக் கர் நிர்யாத் கேந்திரம் எனும் அஞ்சல் துறை ஏற்றுமதி மையம் வழியாகத் தபால் ஏற்றுமதி பில்லை இணையத்திலேயே போடலாம். கூரியரில் வியாபாரச் சரக்குக்கு சி.எஸ்.பி.-5 என்ற கூரியர் ஏற்றுமதிப் படிவம். சாம்பிளுக்கும் பரிசுக்கும் உரிய சி.எஸ்.பி.-4-ல் வியாபாரப் பார்சலை ஏற்றிவிடும் கடைகள் உண்டு. விலை கொஞ்சம் குறையும், ஆனால் ஏற்றுமதி என்ற கணக்கிலேயே அது வராது, ஜி.எஸ்.டி.யும் திரும்ப வராது. எந்தப் படிவம் போடுகிறீர்கள் என்று கேட்டு, நகலை வாங்கி வையுங்கள்.

தபால் ஒன்று, கூரியர் ஒன்று என இரண்டிலும் கணக்குத் திறந்து, மாதம் ஒரு பார்சலாவது இரண்டாவது வழியில் அனுப்பிப் பழகிக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் தபால் நின்றபோது கூரியர் கணக்கு இருந்தவர்கள் அதிகச் செலவிலாவது ஆர்டரை முடித்தார்கள். அப்போதுதான் கே.ஒய்.சி. கொடுக்கத் தொடங்கியவர்கள் ஓணம் சீசனை இழந்தார்கள்.

படிவத்தில் 'சேர்க்க முடியாவிட்டால்' என்ற கட்டத்தையும் யோசித்து நிரப்புங்கள். திரும்ப வரும் கட்டணம் சரக்கு விலையைத் தாண்டும் என்றால் கைவிடுவதாகவே குறியுங்கள். விலை கூடிய பொருளென்றால் திருப்பக் கேளுங்கள். ஏற்றுமதிக் காகிதம் சரியாக இருந்து, மூன்று வருடத்துக்குள் அதே பொருள் திரும்பினால், வாங்கிய சலுகைகளைத் திருப்பிக் கட்டி இறக்குமதி வரி இல்லாமல் எடுக்க வழி இருக்கிறது.

படி 9: விதி மாறும் நாளில் செய்ய வேண்டியவை

முதலில் அந்த நாட்டுக்கான ஆர்டர் பட்டனை மட்டும் அணைத்துவிடுங்கள். கடை முழுவதையும் மூட வேண்டாம். அடுத்து, வழியில் இருக்கும் பார்சல்களைப் பிரியுங்கள்: புறப்பட்ட தேதிக்கு விதி பொருந்துகிறதா, அங்கே இறங்கும் தேதிக்கா என்று அறிவிப்பில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே நுழையும் நேரம்தான் கணக்கு. பிறகு படி 1-ல் போட்ட தாளில் புதிய விகிதத்தை ஏற்றி, கையில் சேரும் விலையைத் திரும்பக் கணக்கிடுங்கள். யூடியூப் வீடியோவையோ வாட்ஸ்அப் பார்வேர்டையோ வைத்து விலை மாற்றாதீர்கள். கஸ்டம்ஸ் அறிவிப்பு, அஞ்சல் துறை அறிவிப்பு, உங்கள் கூரியரின் எழுத்துப்பூர்வமான பதில் ஆகிய மூன்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் அன்றைக்கே, பணம் கட்டிக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

'வணக்கம். உங்கள் நாட்டில் இந்தத் தேதி முதல் பார்சல் வரி மாறியிருக்கிறது. உங்கள் அரைக் கிலோ ஏலக்காய் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. புதிய வரியோடு மொத்தம் இவ்வளவு ஆகும், கூடுதல் தொகையின் விவரம் கீழே. இந்த விலைக்கு அனுப்பலாமா, அல்லது முழுப் பணத்தையும் திருப்பிவிடட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் சனிக்கிழமை பணத்தைத் திருப்பிவிடுவோம்.'